அம்மன் உடுத்திய முழுப் பாவாடை

எங்கள் அப்பா தாராவியில் சிறுபிள்ளைகளுக்கான பாவாடை தைக்கும் கார்கானாவில் துணி வெட்டினார். ஒரு ரோலில் எத்தனை பாவாடை விழுமோ அத்தனையும் வெட்டியபின் மிஞ்சும் கட்பீஸ் எங்கள் சந்து மாரியம்மனுக்கு. அது முதலாளி அண்ணாச்சி மனதார வைத்த வழக்கம். அப்பா அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து ஆடி வெள்ளிதோறும் சாத்துவார். பச்சை, ரோஜா, மஞ்சள் என்று ஏழெட்டு நிறத்தில் நிற்பாள் தாய். எனக்கு அதுவே அம்மனின் சொந்த நிறம்.

எனக்கு ஒன்பது வயது நடந்த ஆடி அது. அக்கா ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டியூஷனிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு எண்ணின் முழுப் பகுதியோடு அதன் பின்னப் பகுதியை நாலு மடங்காக்கிக் கூட்டினால் ஐந்து வரவேண்டும். அந்த எண் எது? அக்கா ஐந்து விடை எழுதியிருந்தாள். டீச்சர் ஐந்தாவதை மட்டும் சிவப்பு மையால் சுழித்திருந்தார்.

நான் நச்சரித்ததால் அக்கா எனக்கு விளங்குகிற மாதிரி துணியில் வைத்துச் சொன்னாள்.

"ஏட்டி, ரோல்ல அஞ்சு பாவாடை விழுந்து மிச்சமே இல்லன்னு வையி. அது ஒரு விடை. நாலு பாவாடையும் கால் பாவாடைத் துணியும் இன்னொண்ணு. கால நாலு மடங்காக்குனா ஒண்ணு. நாலும் ஒண்ணும் அஞ்சு. அதே மாதிரி மூணரை, ரெண்டே முக்கால்."

"ஒரு பாவாடையும், மிச்சம் ஒரு பாவாடையும்?"

"அதத்தான் நானும் எழுதித் தொலைச்சேன். ஒரு பாவாடைக்குத் துணி மிஞ்சுனா அப்பா சும்மா விட்டுருவாவளா? அதையும் வெட்டிருவாவ. அப்ப ரெண்டு பாவாடை, மிச்சம் சைபர். மிச்சம்னா ஒண்ணுக்குக் கொறச்சலாத்தான் இருக்கணும், கேட்டியா?"

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். அந்த வாரம் முழுக்க இட்லியிலும் பக்கெட் தண்ணீரிலும் முழுசையும் மிச்சத்தையும் பிரித்துக்கொண்டே திரிந்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கு அம்மன் அரக்கு நிறப் பாவாடையில் நின்றாள். கீழே பொன் கரை. ஓர் ஒட்டுகூட இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள். கூழ் குடிக்க வந்த அண்ணாச்சியும் மலர்ந்த முகத்தோடு பார்த்தார்.

"என்ன மாஸ்டரு, இந்த வாட்டி ஒரே நெறத்துல கட்பீஸ் கெடச்சிட்டோ?"

"ஆமா அண்ணாச்சி. கொஞ்சம் பெரிய மிச்சம்," என்றார் அப்பா.

எனக்கு வாய் நிற்கவில்லை. "மிச்சம் இல்ல மாமா! ஒட்டே இல்ல, பாருங்க. இது முழுப் பாவாடை. மிச்சம் ஒண்ணு ஆவவே ஆவாது. அக்கா பரீட்சைக்கு வருது."

மெச்சுவார் என்று காத்திருந்தேன். அண்ணாச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தேன். நெற்றிக் குங்குமம் தவிர அந்த முகத்தில் நிறமே இல்லை. அக்காவின் நகம் என் தோளில் பதிந்தது. எனக்குத் திகைப்பாக இருந்தது. கணக்கில் எங்கே தப்பு?

அண்ணாச்சி பொன் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "தாய் உடுத்திட்டா. இனி நான் ஒண்ணும் சொல்லப்படாது," என்று கூழைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை முதல் அப்பாவின் கையில் கத்தரிக்கோல் இல்லை. பொடியன்கள் செய்கிற, பாவாடைக்கு நாடா கோக்கும் வேலை. சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா தேறினாள். அந்தக் கணக்கு பரீட்சையில் வரவே இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள்: அக்கா தேறவேண்டும் என்று அப்பா ஒட்டில்லாத பாவாடை நேர்ந்திருந்தாராம். இத்தனை வருஷம் துண்டையே உடுத்திய தாய்க்கு ஒருமுறையாவது முழுசாக. அண்ணாச்சியிடம் துணி கேட்க அப்பாவுக்கு நாக்கு எழவில்லையாம்.

இன்றும் ஆடி வெள்ளியில் அம்மன் முன்னால் கைகூப்பினால், மந்திரம் வருவதற்கு முன் அந்த வெள்ளிதான் வருகிறது. அன்று மழையில் என் கையைப் பிடித்து அப்பா கோயிலிலிருந்து கூட்டிவந்தார்.

"அப்பா, நான் சொன்னது சரிதான?"

"சரிதான் தாயி," என்றார்.

அவர் கை சில்லென்றிருந்தது. மழைக் குளிர் என்று நினைத்து, என் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.