அக்கா வீட்டு ஃபுட்பால் ரசிகர்

டெக்சஸில், பிளானோவில் இருந்த அக்கா வீட்டுக்குள் நுழைந்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது, ஹால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு ஃபுட்பால் அணியின் நீல ஜெர்சி. சாமி படங்கள் சமையலறை அலமாரிக்குள் இருந்தன. வேலை தேடிக்கொண்டு நான் அங்கே தங்கியிருந்த காலம் அது. அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். திருச்சியில் காலால் பந்தை உதைத்து வளர்ந்தவர். டெக்சஸ் வந்த பிறகு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டிமோதுவதுதான் அவருக்கு ஃபுட்பால். நம் ஊர்க் கால்பந்து வெறும் சாக்கர். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே உதட்டைச் சுழிப்பார்.

“இங்க எது பாப்புலர்னு பாரும்மா. ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்கே ஸ்டேடியம் ரொம்பி வழியுது. சாக்கருக்கு யாரு வரா? நாலு அம்மாங்க, ஃபோல்டிங் சேரைத் தூக்கிக்கிட்டு.”

அந்த நாலு பேரில் ஒருத்தி என் அக்கா. அவர்கள் மகள் சாக்கர் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். அப்பா ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. அவர் கொண்டாடிய ஃபுட்பாலின் விதிகளாவது அவருக்குத் தெரியுமா என்பது என் சந்தேகம். டிவி முன்னால் எல்லோரும் கத்திய பிறகு, சற்றுத் தாமதமாகக் கத்துவார். கூட்டம் இருக்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும். அவருடைய ரசனை அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மகளுக்கு இறுதி ஆட்டம். அதே நேரத்தில் அவருடைய மேனேஜர் வீட்டில் ஃபுட்பால் பார்க்க ஆபீஸில் எல்லோருக்கும் அழைப்பு. மாமா மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானும் அக்காவும் மைதானத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். “உங்க மாமாவோட மேனேஜர்டீ!” என்று அக்கா என் காதில் சொன்னாள். அவர் மகளும் அதே அணியில் இருந்தாள். வந்த விருந்தாளிகளைத் தன் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

எங்கள் பெண் கோல் போட்டபோது முதலில் எழுந்து கைதட்டியவர் அவர்தான். ஆட்டம் முடிந்து ஓடிவந்தவளிடம், அப்பா வரவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் வீட்டில் இருக்கிறார் என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

மாமா மாலையில் பூரித்துப்போய் வந்தார். “செம கூட்டம்! மேனேஜர் மட்டும் ஏதோ வேலையா வெளிய போயிட்டாராம்.”

“ஹி வாஸ் அட் மை கேம்,” என்றாள் மகள்.

வாய் பிளந்து நின்ற மனிதர், ஜெயித்தாளா தோற்றாளா என்றுகூடக் கேட்கவில்லை. “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?” என்றார்.

இப்போது அவள் வெளியூரில் கல்லூரி அணிக்கு ஆடுகிறாள். இங்கேயே நடக்கும் சாக்கர் உலகக் கோப்பைப் பேச்சு டெக்சஸையே பிடித்து ஆட்ட, மாமாவும் மாறிவிட்டார். கோயில் பார்க்கிங்கில் சிக்குகிறவர்களிடமெல்லாம், “உலகத்துலயே பாப்புலர் கேம் சாக்கர்தான் சார்,” என்கிறார். போன வாரம் நான் அங்கே போயிருந்தபோது, எங்கள் எதிரிலேயே மகளுக்குப் போன் போட்டார். “சாட்டர்டே உன் மேட்சுக்கு வரேம்மா.”

ஸ்பீக்கரில் அவள் குரல் நிதானமாக வந்தது. “யூ டோன்ட் ஹாவ் டு, அப்பா.” வரத் தேவையில்லையாம். வைத்துவிட்டாள்.

“பிஸியா இருக்கா போல,” என்றார் எங்களைப் பார்த்து. அக்கா எழுந்து உள்ளே போனாள். எனக்குப் பாவமாகக்கூட இல்லை.