பதாகைக்கு முன்னால் நின்றவர்கள்

என் தம்பி நிதர்சன் பிரதேச சபையின் உப கந்தோரில் எழுதுவினைஞன். எங்கள் குடும்பத்தில் கந்தோர்க் கதிரையில் இருந்த முதல் ஆள். அகதி முகாமில் இருந்து படித்துச் சோதனை பாஸ் பண்ணி எடுத்த வேலை.

மீள்குடியேறிய மூன்றாம் வருடம், விடத்தல்தீவுத் தெருவில் ஒரு தனியார் கம்பனியின் எண்ணெய் ஏற்றிய பவுசர் லொறி பிரண்டது. கறுப்பு எண்ணெய் கரையோரக் கண்டல் காட்டுக்குள் இறங்கி இறங்குதுறை வரை போனது. சபையிடம் ஒரு உழவு இயந்திரம்தான் இருந்தது. தம்பி வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தான்.

"செலவெல்லாம் கம்பனி திருப்பித் தரவேணும். உங்கட நாட்கூலியும் அதுக்குள்ள வரும்" என்றான்.

நண்டு வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அயல்வீட்டுப் பிரான்சிஸ்கா அக்காவும் வந்தார். ஒரு கிழமை வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். கையுறை பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது.

டீசல், மணல், ஆட்களின் வரவு, எல்லாவற்றுக்கும் தம்பி ஒப்பம் வாங்கினான், படமும் எடுத்தான். படத்துக்காகச் சபையிலிருந்த ஒரே பதாகையை உழவு இயந்திரத்தில் கட்டினான். கிணறு இறைத்தாலும் பற்றை வெட்டினாலும், பின்னால் பதாகை இல்லாத படத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் ஒரு சதமும் தந்ததில்லை. அந்தப் பழக்கம். பதாகையில் 'மாபெரும் சிரமதானம்' என்றிருந்தது.

செலவைச் சரிபார்க்கக் கம்பனி அனுப்பிய மதிப்பீட்டாளர், படத்தில் தெரிந்த அந்த எழுத்தில் விரலை வைத்தார்.

"சிரமதானம் எண்டால் சும்மா செய்யிற வேலைதானே? கூலி என்னெண்டு வரும்?"

"அது கிணறு இறைக்க அடிச்ச பழைய பதாகை ஐயா. இவை கூலிக்கு வந்தவை. ஒப்பம் இருக்கு."

"கட்டினது நீர்தானே?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, "ஓம்" என்றான். சபை அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்தவரை போதும் என்று டீசலுக்கும் மணலுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டது. ஆட்களுக்கு வந்தது, 'தொண்டர்களுக்கு நன்றி' என்று அச்சடித்த ஒரு தாள். அதை இறங்குதுறையில் ஒட்டவும் தம்பியைத்தான் அனுப்பினார்கள். தனியே விட மனமில்லாமல், மாப்பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

எண்ணெய் அள்ள வந்தவர்களில் ஒருவரான யாகப்பர், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கோ துரை! அடுத்தமுறை பவுசர் பிரண்டால் எங்களைக் கூப்பிடாதேங்கோ. பதாகையைக் கூப்பிடுங்கோ, அது வந்து அள்ளட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி பசையைத் தடவித் தாளைச் சுவரில் வைத்தான். தாள் காற்றில் மடங்கி மடங்கி விழுந்தது. பிரான்சிஸ்கா அக்கா எழும்பி வந்தார்.

"எங்கட கூலியைத் திருப்பிக் கேக்கேலாதோ தம்பி?"

"கேட்டுப் பாத்திட்டன் அக்கா. சபையில கையெழுத்து வைச்சு முடிச்சிட்டினம்."

"அப்ப ஒட்டு. உன்ர வேலையும் போகவேண்டாம்."

தாளின் மேல் மூலைகளை அவரே இரண்டு கையாலும் சுவரோடு பிடித்தார். அந்தக் கைகளில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.