முணுமுணுப்பு கொடுத்த மூன்று நட்சத்திரம்

அந்த வீட்டைக் கட்டியவர் அகலத்தில் கஞ்சத்தனமும் உயரத்தில் தாராளமும் காட்டியிருந்தார். கீழே கூடமும் சமையலறையும். அதன் மேல் படுக்கையறை. அதற்கும் மேலே, கூரையை ஒட்டி, தையல் அறை. கர்ட்டன் அக்கா பகலெல்லாம் இருப்பது அந்த உச்சியில். போன் இருந்ததோ கீழே, கூடத்து மூலைப் பலகையில்.

ஊரில் பாதி ஜன்னல்களுக்கு உடுப்புத் தைத்தவள் அவள். கல்யாணமான புதிதில், குடிபோன வீட்டு ஜன்னலை மறைக்கப் பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தொங்கவிட்டாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டாள். தொழில் அப்படியே பிடித்துக்கொண்டது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு யார் வீட்டு ஸ்டூலிலும் கூசாமல் ஏறுவாள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே பேரம் பேசுவாள். கிளினிக், ஹோட்டல், ஒரு முறை நாடக மேடைக்குக்கூட அவள்தான் திரை தைத்தாள்.

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தெரிந்தது வீட்டு லேண்ட்லைன் எண்தான். துணிப்பைகளில் அதைத்தான் அச்சடித்திருந்தாள். செல்போன் ஒன்றும் இருந்தது. ஆனால் தையல் அறைக்குப் போனால் அது செத்த எலிபோலக் கிடக்கும். கனத்த சுவர், சிக்னல் நுழையாது.

ஆகவே கீழே மணி அடித்தால் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்து, வாயிலிருந்து ஊசிகளைத் துப்பி, மடியில் கிடக்கும் துணியை உதறி, படிகளில் தடதடவென்று இறங்குவாள். பலகையைத் தொடும்போது மணி நின்றிருக்கும்.

"நீ பிடிக்கணும்னா அது அடிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பணும்" என்பார் கணவர். டவுன் பஸ் ஓட்டுநர். நேரத்துக்குக் கிளம்புவதைப் பற்றி அவருக்குக் கருத்துகள் உண்டு.

ஒருநாள் கர்ட்டன் கயிறு காலில் சுற்றியது தெரியாமல் இறங்கினாள். படித் திருப்பத்தில் சறுக்கி, கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இடுப்பு தப்பியது. அழைத்தது பெரிய ஹோட்டல்காரர் என்பது பிறகு தெரிந்தது. எடுக்க ஆளில்லை என்று வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே முடிவு பண்ணினாள். கையோடு மேலே எடுத்துப்போகிற கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

இந்த மாதிரி விஷயம் எதுவானாலும் முதலில் ஆஜராவது கொழுந்தன். கம்ப்யூட்டர் கடையில் வேலை, உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை.

"அண்ணி, யோசிக்கவே வேண்டாம். இந்தப் போனுக்கு எத்தனை பேர் அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருக்காங்க பாருங்க. அத்தனை பேருமா பொய் சொல்வாங்க?"

வாங்கினாள். போன் பளபளவென்றுதான் இருந்தது. குரல் மட்டும் பாழுங்கிணற்றிலிருந்து வந்தது. படுக்கையறையைத் தாண்டியதும் கரகரவென்று இழுத்தது. ஒரு புது வாடிக்கையாளர் அழைத்து, "நீலமா வேணும்" என்றார். "நல்ல நீளமாவே தைச்சிடறேன்" என்றாள் இவள். தரையில் புரண்டு வழிகிற பழுப்பு நிறக் கர்ட்டன்களோடு போய் நின்றபோது அந்த மனிதர் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் நீலம்னு சொன்னேனே!"

"நீளமாத்தானே தைச்சிருக்கேன்!"

இருவரும் கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து சிரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை அட்டைப்பெட்டியில் திணித்துத் திருப்பி அனுப்பினாள்.

"இனிமே நானே படிச்சுப் பார்க்கறேன் தம்பி" என்றாள்.

கொழுந்தனின் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்துக்கொண்டு ரிவ்யூக்களைப் படிக்க உட்கார்ந்தாள். ஒரு போனின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "துணியில் கறையே நிற்பதில்லை. மிக்க நன்றி."

"அது ஏதோ தப்பா வந்திருக்கும் அண்ணி."

"இவரு தப்பா வந்துட்டாரா, இல்ல இதுதான் இவருக்குப் பொழைப்பா?"

இன்னும் கீழே போனாள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு, வேறு வேறு பெயர்களில் வரிசையாக நின்றது. திட்டியவர்களையாவது நம்பலாம் என்று பார்த்தால் அவர்களும் அப்படித்தான். ஒருவர் பெட்டி கிழிந்திருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்; போனைத் தொட்டதாகவே தெரியவில்லை. இன்னொருவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் சிரிக்கவில்லை என்று கோபம். அக்காவுக்குத் தலை சுற்றியது. புகழ்கிறவர்களும் ஆளில்லை, திட்டுகிறவர்களும் ஆளில்லை, நடுவில் யாராவது மனுஷர் இருக்கிறாரா என்று மூன்று நட்சத்திரக் கூட்டத்துக்குள் புகுந்தாள். அங்கேதான் ஒரு ரிவ்யூ அகப்பட்டது, 'முணுமுணுப்பு' என்ற பெயரில்.

"மணிச் சத்தம் ஆடு தும்முவதுபோல் இருக்கிறது. மாற்றப் பார்த்தேன், மாற்றினால் வாத்து. பட்டன் எழுத்து எறும்புக்கு அச்சடித்தது. ஆனால் மாமியார் கையிலிருந்து பலமுறை விழுந்தும் பேசுகிறது. எதிராளி பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கிறது. அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல மாட்டேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆள் வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று தேடினாள். ஒரு குடை: "மழைக்குத் தாங்கும். காற்றடித்தால் மானம் போகும்." ஒரு செருப்பு: "சத்தம் போடாது, அதனால் வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள்."

வேலை முடிந்து வந்த கணவரும் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இந்தப் பொம்பளை என் பஸ்ல ஏறாம இருக்கணும், சாமி" என்றார்.

அந்தப் போன் ரிவ்யூவின் கீழே அக்கா கேள்வி போட்டாள்: வீடு மூன்று தட்டு, சுவர் கனம், உச்சி அறையில் கேட்குமா? மறுநாளே பதில் வந்தது. "எழுதினால் விளங்காது. கூப்பிடுங்கள், காட்டுகிறேன்." கீழே எண். இலக்கமாகப் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் எழுதி அந்தத் தளத்தின் கண்ணில் மண்ணைத் தூவியிருந்தாள் முணுமுணுப்பு.

"முன்ன பின்ன தெரியாதவங்க அண்ணி, வேண்டாம்" என்றான் கொழுந்தன்.

"எனக்கு எல்லாருமே முதல்ல முன்ன பின்ன தெரியாதவங்கதான் தம்பி. அப்புறம்தான் அவங்க படுக்கையறை ஜன்னலை அளக்கறேன்."

அழைத்தாள். முணுமுணுப்பு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள், அன்று லீவு.

"அக்கா, இப்ப சமையல்கட்டுல நிக்கறேன். கேக்குதா?"

"பக்கத்துல நிக்கற மாதிரி கேக்குது."

"இப்ப பாத்ரூம். கதவைச் சாத்திட்டேன்."

"கேக்குது. கொஞ்சம் எதிரொலி."

"மாடிப்படி. ஏறிட்டே இருக்கேன். மூச்சு வாங்குது, அது போனோட குறை இல்ல."

மொட்டை மாடிவரை குரல் கணீரென்று வந்தது. பிறகு அவள் இறங்கி வாசலுக்கு வந்தாள், தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பது அக்காவின் காதில் விழுந்தது. "எங்க அறுந்துபோகுதுன்னு பார்ப்போம்" என்று நடந்துகொண்டே இருந்தவள், "இப்ப தையல் கடை தாண்டி..." என்பதோடு காணாமல் போனாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி மணி அடித்தது. பேசியது வேறு குரல், வயதான குரல்.

"யாரும்மா அது, என் மருமகளைத் தெருத்தெருவா நடக்க விடறது?"

"ஐயோ அம்மா, போன் வாங்கலாம்னு..."

"வாங்காதே. பேச்செல்லாம் நல்லாத்தான் கேக்கும். ஆனா மணி அடிச்சா போன் எங்கன்னு தெரியாது. தலையணைக்கு அடியில, அரிசி டப்பா மேல, ஒருநாள் ஃபிரிட்ஜுக்குள்ள. வயர் இருந்தப்போ இருந்த இடத்துல இருந்துச்சு. இதை இவ ரிவ்யூல எழுதலை, பாரு."

பின்னாலிருந்து மருமகள், "அந்த ஃபிரிட்ஜுல வச்சதே நீங்கதான் அத்தை!" என்றது தெளிவாகக் கேட்டது.

ரிசீவரை வைத்தபோது அக்காவின் கன்னம் வலித்தது, அவ்வளவு சிரித்திருந்தாள். அன்றே அந்தப் போனுக்கு ஆர்டர் போட்டாள்.

வந்த போன் சொன்னபடி உச்சி அறையிலும் கணீரென்று பேசியது. மணி ஆடு தும்முவதுபோல்தான் இருந்தது. அந்த மாமியார் சொன்னதும் பலித்தது. ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஆடு தும்மியது. மேசையில் இல்லை, ஜன்னலில் இல்லை, துணிக் குவியலைப் புரட்டினால் அங்கும் இல்லை. கணவரும் கொழுந்தனும் மேலே ஓடிவந்து, தைத்து மடித்து வைத்த கர்ட்டன் ஒவ்வொன்றிலும் டாக்டர் மாதிரி காதை வைத்துப் பார்த்தார்கள்.

"அண்ணி, இது வயித்துக்குள்ள இருக்கு!" என்றான் கொழுந்தன்.

மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் போனை வைத்து நாலு பக்கமும் நறுவிசாகத் தைத்திருந்தாள். தையலைப் பிரித்து எடுத்தபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது. ஹோட்டல்காரர். வேறிடத்தில் தைத்தது சரியில்லை, இவளே செய்து தர முடியுமா என்று கேட்டார். கையில் கத்தரியும் முகத்தில் நூலுமாக, "தாராளமா சார், நாளைக்கே அளவெடுக்க வர்றேன்" என்றாள்.

அந்த வாரம் அவளும் ரிவ்யூ எழுதினாள். வாழ்க்கையில் முதல் முறை. நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டு, "ஒன்றைக் குறைத்தது போனுக்காக அல்ல, எனக்காக. கர்ட்டனுக்குள் வைத்துத் தைக்காதீர்கள்" என்று எழுதினாள். இது விளையாட்டு ரிவ்யூ என்று யாரோ புகார் கொடுத்து அந்தத் தளம் அதைத் தூக்கிவிட்டது. கறை போகிறது என்று எழுதியவர் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார். அக்கா ஒருநாள் முழுக்கக் கொதித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மருமகள் கிளினிக் போன பிறகு, போன் கையில் அகப்படுகிற நாட்களில், அந்த மாமியார் கூப்பிடுவார். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெஷினை மிதிப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மருமகளைப் பற்றிய குறைகளை அவர் வரிசையாக அடுக்குவார், நடுநடுவே அவள் சமாளிக்கிற சாமர்த்தியத்தையும் சொல்லிப் பெருமைப்படுவார். ஷிப்ட் முடிந்து வருகிற கணவர் கீழேயே நின்று, உச்சி அறையிலிருந்து இறங்கிவரும் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கேட்பார். அப்புறம் தனக்கான டீயைத் தானே போட அடுப்பைப் பற்றவைப்பார்.