சொந்தமில்லாத வீடு

"தங்குமிடம்: உறவினர் அல்லாதவர் வீடு, ஊர்காவற்றுறை."

1989 ஆனி மாதத்துக்குரிய என் களப்பணி அறிக்கையில், ஒரு கர்ப்பிணியைப் பற்றி இப்படி ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே ஓரத்தில், "ஏன் உறவினர் அல்லாதவர்?" என்று என் பேராசிரியை சிவப்பு மையால் கேட்டிருக்கிறார். வாய்மொழிப் பரீட்சையில் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலை இப்போதுதான் எழுதுகிறேன். அறிக்கையின் பிரதியும் அந்த வருடத்து நாட்குறிப்பும் பக்கத்தில் இருக்கின்றன. நாட்குறிப்பில் கடல் தண்ணீர் பட்டுச் சில தேதிகள் கரைந்துபோயின. கரைந்த இடங்களில் நான் தேதி சொல்லப்போவதில்லை.

அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப் பணியில் பட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு புங்குடுதீவில். அப்பாவின் கொழும்புக் கடை 1983 கலவரத்தில் எரிந்த பிறகு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். இறுதி வருடக் களப்பணியைச் சொந்த இடத்தில் செய்யலாம் என்று கல்லூரி அனுமதித்தது. நெடுந்தீவில் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்த ஓர் அக்காவுடன் என்னை இணைத்துவிட்டார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் எல்லாம் அமெரிக்க நகரங்களின் மாடி வீடுகளில் நடந்தவை. அவற்றில் ஒன்றிலும் கடல் வரவில்லை.

நெடுந்தீவில் எல்லாவற்றிலும் கடல் வரும். சிக்கலான பிரசவம் என்றால் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆனி, ஆடியில் சோழகக் காற்று எழும்பினால் படகு ஓடாது. அதனால் நாள் கிட்டுவதற்கு முன்பே கர்ப்பிணிகள் கடலைக் கடந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இருந்தால் அவர்கள் வீட்டில் போய்த் தங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அவ்வளவு முன்னதாகச் சேர்க்கக் கட்டில் இல்லை. வலி தொடங்கிய பிறகுதான் எடுப்பார்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு ஒரு பெண். வயது இருபத்தாறு. கணவர் மாடு வளர்ப்பவர். முதல் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் இதே சோழகத்தில், படகு ஓடாத ஒரு நாளில், கால் முன்னால் வந்து வீட்டிலேயே இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் திரும்பாமல்தான் கிடக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் அவர் இருக்கவேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை.

கடல் கடக்கச் சம்மதிக்கவைப்பதுதான் என் வேலை என்று நினைத்துப் போனேன். ஊக்குவித்தல் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்திருந்தேன். அவர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் வரமாட்டன் எண்டு ஆர் தங்கச்சி சொன்னது? இருக்க ஒரு இடம் காட்டுங்கோ. இண்டைக்கே வாறன்" என்றார்.

எங்கள் புங்குடுதீவு வீட்டில் வைத்திருக்கலாமே என்று அம்மாவே கேட்டார். ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வேலணைப் பாலம் கடந்து போகவேண்டும். யுத்தத்தால் இரவில் அந்த வீதியில் நடமாட முடியாத காலம் அது.

ஆகவே சொந்தம் தேடத் தொடங்கினோம். மருத்துவிச்சி அக்கா அதில் வலு கெட்டிக்காரி. அந்தப் பெண்ணின் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "உம்மடை அம்மம்மாவின்ரை தமையன் நாரந்தனையிலை கலியாணம் செய்தவரெல்லே? அவற்றை பிள்ளையள் எங்கை?" என்று கிளை கிளையாகப் போவார். அந்தப் பிள்ளைகள் கனடாவில் இருப்பார்கள். அடுத்த கிளைக்குத் தாவுவார். இரண்டு வீடுகள் அகப்பட்டன. ஒன்றில் கிணறு வற்றிவிட்டதாம். மற்றதில் கூரை வேய ஆள் வரப்போகிறதாம். கடைசியாகக் கணவரின் பக்கத்துக்கு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே கரம்பொனில் அவரின் சொந்தச் சித்தப்பா வீடு இருப்பது தெரிந்தது. ஆள் அனுப்பிக் கேட்டோம். "வந்து போகச் சொல்லுங்கோ" என்று பதில் வந்தது.

ஒரு காலைப் படகில் மூன்று பேரும் புறப்பட்டோம். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பயணப் பை. பிள்ளைக்குத் தைத்த பழஞ்சேலைத் துணிகள் அதற்குள் இருந்தன. கணவர் வரவில்லை. படுக்கையில் இருந்த தாயையும் மாடுகளையும் விட்டுவிட்டு அவரால் அசைய முடியாது.

சித்தி முறையானவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கோப்பி தந்தார். மதியச் சாப்பாடும் தந்தார். சாப்பிட்ட கை காய்ந்த பிறகு மெல்லத் தொடங்கினார்.

"வாற கிழமை கோயில்லை கொடியேறுது. எங்கடை உபயம் ஏழாம் திருவிழா."

எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் தகப்பன் வழிச் சொந்தக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த நாட்களில் கோயில் வாசலை மிதிக்க முடியாது. திருவிழாவுக்கு நடுவில் இந்தப் பிள்ளை பிறந்தால் அவர்களின் உபயம் நின்றுவிடும்.

"பிள்ளை நெடுந்தீவிலை பிறந்தாலும் உங்களுக்குத் துடக்குத்தானே?" என்று அக்கா கேட்டார்.

"கேள்விப்பட்டால்தானே துடக்கு" என்றார் சித்தி. "காத்துக்குப் படகு ஓடாட்டிச் செய்தி வரக் கன நாள் செல்லும். அதுக்குள்ளை திருவிழா முடிஞ்சிடும். வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு கேள்விப்படேல்லை எண்டு எப்படிச் சொல்லுறது?"

"அப்ப என்ன, பிள்ளையைத் தீர்த்தம் முடியப் பிறக்கச் சொல்லி உள்ளுக்குக் குரல் குடுத்துப் பார்ப்பமே?" என்றார் அக்கா.

சித்தி சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். சித்தி கெட்டவர் இல்லை என்பதை நான் பதிந்தே ஆகவேண்டும். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் பனங்கட்டியும் பையில் திணித்துவிட்டார். ஆனால் "இஞ்சை இரும்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பூவரச நிழல் இருந்தது. அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பின்னேரப் படகுக்குத் திரும்பிப் போவம் அக்கா. இனி ஆரிட்டைக் கேக்கிறது?" என்றார். குரலில் அழுகை இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மேற்கே வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது. திரும்பிப் போனால் இந்தக் காற்றில் மறுபடி வர முடியுமா என்பது மூன்று பேருக்கும் தெரியாது.

அதே நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றார். ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பூக் கூடை. திருவிழாவுக்கு விரதம் பிடிக்கிற ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவர் காதில் விழக்கூடாது என்று நாங்கள் குரலைத் தணித்தோம். ஆனால் அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"எந்த ஊர்? ஆற்றை ஆக்கள்?"

எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்பதுதான் தீவுப் பகுதியில் யாரும் யாரிடமும் முதலில் கேட்கும் கேள்வி. அக்காவுக்கு உயிர் வந்தது. எங்கேயாவது ஒரு சொந்தம் தட்டுப்படாதா என்ற ஆசையில் பெண்ணின் தகப்பன் பக்கம், தாய் பக்கம், கணவரின் பக்கம் என்று ஒப்புவித்தார். அந்த அம்மா விடவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் குறுக்குக் கேள்வி.

"சரவணையிலை பெண் எடுத்தவையோ?"

"இல்லை, அவை வேறை."

"அப்ப புங்குடுதீவுப் பக்கம்?"

"அங்கையும் ஒருத்தருமில்லை."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு "இல்லை"க்கும் அக்காவின் முகம் வாடிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த அம்மா கேட்டார்:

"அப்ப ஒரு வழியாலும் எங்களுக்குச் சொந்தமில்லை?"

"இல்லை அம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப எழும்புங்கோ. வீட்டை போவம்."

நாங்கள் எழும்பவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன முழிக்கிறியள்? சொந்தமெண்டால்தானே எனக்குத் துடக்கு? இவ பெத்தால் எனக்கென்ன? முழுகிப்போட்டு நான் என்ரை பாட்டிலை கோயிலுக்குப் போவன். வெளியறை சும்மாதான் கிடக்கு. படிச்ச பிள்ளையளும் சொந்தத்தைத் தேடிக்கொண்டு திரியுதுகள்!"

அவர் வீடு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் ஜேர்மனியில். அந்த வருடம் தேருக்கு முன்னால் பாற்செம்பு எடுப்பதாக மகனுக்காக நேர்ந்திருந்தார். விசா ஏதோ சிக்கலில் இருந்ததாம். கொடியேறுவதற்கு முன்பே விரதம் தொடங்கியிருந்தார்.

கிழமைக்கு இரண்டு தரம் நான் புங்குடுதீவிலிருந்து போய்ப் பார்த்துவந்தேன். அறிக்கைக்காக நான் கேட்ட கேள்விகள் ஒன்றுக்கும் அந்த அம்மா ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "எழுதிறதை விட்டுட்டு இந்தத் தேங்காயைத் துருவும்" என்பார். அந்தப் பெண்ணோடு ஓயாமல் சண்டை. நடக்கவில்லை என்று ஒரு சண்டை, நடந்துவிட்டு வந்தால் வெயிலுக்குள் போனது ஏன் என்று இன்னொரு சண்டை. வெளியறைக்குத் தனிக் கதவு, தனிச் சட்டி பானை. இரண்டு பக்கத்தையும் கலக்காமல் பார்த்துக்கொள்வதில் அவர் கண்டிப்பு. "நீர் எனக்கு ஒரு முறையுமில்லை, ஞாபகமிருக்கட்டும்" என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பெண் "ஓம் அம்மா, ஒரு முறையுமில்லை" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் சோறு கேட்பார்.

தேர் அன்று காலை நான் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. பாற்செம்பு கழுவித் துடைத்து வாசலில் கவிழ்த்திருந்தது. வீதியிலும் ஒருவரும் இல்லை, எல்லாரும் கோயிலில். மேளச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரசவ அறை வாசலில் அந்த அம்மா, கோயிலுக்குக் கட்டிய சேலையோடு நின்றார். விடியவே வலி கண்டுவிட்டது, தான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததாகச் சொன்னார்.

சிறிது நேரத்தில் தாதி வெளியே வந்தார். பிள்ளை திரும்பவில்லை, தாய்க்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்கவேண்டும், சொந்தக்காரர் ஒருவர் சம்மதித்து ஒப்பம் வைக்கவேண்டும் என்றார். கணவர் கடலுக்கு அந்தப் பக்கம். அன்று படகு ஓடவில்லை. நான் பயிற்சி மாணவி, எனக்கு அந்த உரிமை இல்லை. சித்தப்பா வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்றேன். "அதுவரைக்கும் பிள்ளை தாங்காது" என்றார் தாதி. பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கள் என்ன முறை?"

கோயில் பக்கம் திடீரென்று மேளம் உச்சத்துக்குப் போனது. தேர் இருப்பை விட்டு அசைந்திருக்கவேண்டும். அந்த அம்மா அந்தப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"பெரியம்மா" என்றார். "பிள்ளையின்ரை தகப்பன் வழியிலை. கொண்டாங்கோ, எங்கை வைக்கவேணும்?"

பெண் பிள்ளை. கொஞ்சம் நீலம் பாரித்து வந்தது, பிறகு கத்தியது. தாயும் தப்பினார். தேர் இருப்புக்குத் திரும்பும் வெடிச் சத்தம் கேட்டபோது நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"முழுகிப்போட்டு நாளைக்குத் தீர்த்தத்துக்கு எண்டாலும் பாற்செம்பு எடுக்கலாந்தானே அம்மா? நீங்கள்தான் சொந்தமில்லையே" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"வாயாலை சொல்லியாச்சே பிள்ளை" என்றார்.

சில நாட்களில் என் களப்பணி முடிந்தது. அறிக்கையை எழுதிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டேன். தாயும் பிள்ளையும் காற்றுத் தணிந்ததும் நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று மருத்துவிச்சி அக்கா கடிதம் போட்டார். அந்த அம்மா தீர்த்தத்துக்கும் போகவில்லை, முப்பத்தொரு நாளும் கோயில் பக்கம் தலை காட்டவில்லை, முப்பத்தோராம் நாள் ஐயரை அழைத்துத் தன் வீட்டிலும் துடக்குக் கழித்தார் என்று அதே கடிதத்தில் இருந்தது. அக்காவும் அதை நேரில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லக் கேட்டதுதான். அடுத்த வருடம் யுத்தத்தில் அந்த ஊர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்த அம்மா எங்கே போனார் என்று பலரிடம் விசாரித்தும் இன்றுவரை தெரியவில்லை. ஆகவே அவர் துடக்குக் காத்தாரா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. காத்தது உண்மையென்றால், அறிக்கையில் "உறவினர் அல்லாதவர்" என்று நான் எழுதியது பிழை. அதனால்தான் பேராசிரியையின் சிவப்புக் கேள்வி எனக்கு இன்னும் பதில் முடியாத கேள்வியாகவே இருக்கிறது.