அம்மா எடுத்த படங்கள்

அம்மா லண்டனில் எங்கள் பகுதியான தோர்ண்டன் ஹீத்தை விட்டு லேசில் அசைகிற ஆள் இல்லை. இத்தனை வருடம் இங்கே இருந்தும் தேம்ஸ் நதியை ஒழுங்காகப் பார்த்ததில்லை. கூப்பிட்டால் முழங்கால் நோவு வந்துவிடும். தமிழ்க் கடைக்கு நல்ல மீன் வந்திருக்கிறது என்றால் மட்டும் அதே முழங்கால் பஸ்ஸுக்கு ஓடும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "பிள்ளை, நாங்கள் ரெண்டுபேரும் கோலாலம்பூருக்கு ஒருக்காப் போயிட்டு வருவமே?" என்று கேட்டார். அப்பா தவறிப்போன பிறகு அம்மா எதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. வேலையிடத்தில் கெஞ்சி ஷிப்ட் மாற்றினேன். பெட்டி அடுக்கும்போது அம்மா என் மயில்கழுத்து நிறச் சேலையை உள்ளே திணித்தார். "கோயிலுக்கு ஜீன்ஸோட போவியே?" என்றார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தோஷத்தில் மூளை வேலை செய்யாது போலிருக்கிறது.

முதல் நாட்களை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, அவ்வளவு நன்றாக இருந்தன. வேர்த்து ஒழுக மோனோ ரயிலில் ஏறித் திரிந்தோம். வாழை இலையில் சோறு சாப்பிட்டோம். மழை கொட்டியபோது ஒரு கடைவாசலில் ஒதுங்கி நின்று, நனைந்து ஓடுகிற ஆட்களைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கைபேசியைத் தொடவே பயப்படுகிறவர், இரட்டைக் கோபுரத்தடியில் என்னை நிறுத்தி, "தலைமயிரை முன்னுக்கு விடு. கொஞ்சம் சிரி" என்று படம் படமாக எடுத்துத் தள்ளினார். என்னோடு ஊர் சுற்றுவது இவருக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று நானும் சொன்னபடியெல்லாம் நின்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை சேலை உடுத்திக் கோயிலுக்குப் போனோம். சந்நிதியைச் சுற்றும் உள்வீதியில் ஒரு குடும்பம் எதிரே வந்தது. தாய், தகப்பன், என்னைவிட நாலைந்து வயது கூடிய மகன். "அட, நீங்களே!" என்று அந்தத் தாய் அதிசயப்பட்டார். ஒத்திகை பார்த்த அதிசயம். மெல்பேர்னில் இருந்து வந்தவர்களாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெண்ணுக்குச் சொல்லாமல் கோயிலில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். பிடிக்காமல் போனாலும் பெண்ணுக்கு மனம் நோகாதாம். இப்போது மாப்பிள்ளை ஒரு கண்டத்திலும் பெண் ஒரு கண்டத்திலும் இருப்பதால் நடுவழியில் ஒரு கோயில் தேவைப்படுகிறது.

அம்மாவும் என்னைப் போல ஏமாந்திருப்பார் என்று ஒரு நிமிடம் நம்பப் பார்த்தேன். அதற்குள் அந்தத் தாய் கைபேசியைக் கணவரிடம் நீட்டி, "படத்திலை பாத்ததைவிட நேரிலை கொஞ்சம் நிறம் குறைவு, என்ன?" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா எடுத்த படம். இரட்டைக் கோபுரத்தடியில் தலைமயிரை முன்னுக்கு விட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான் நின்றேன். அந்தச் சிரிப்பை நான் அம்மாவுக்காகத்தான் சிரித்தேன்.

மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். பாவம், அவருக்கே வெட்கமாகிவிட்டது. நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.

ஹோட்டல் அறையில் அம்மாவிடம் கேட்டேன். "ஏனம்மா என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ வந்திருப்பியோ?"

"சரி, அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னோட சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

அம்மா கட்டிலில் நான் கழற்றி எறிந்த சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

லண்டன் வந்த பிறகு மெல்பேர்ன்காரரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் அதற்குக் கவலைப்படவும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, அம்மா குசினி அடுப்படியில் நின்று பெரியம்மாவுடன் ஃபோனில் கோலாலம்பூர்க் கதை கதைத்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாது. சத்தம் போடாமல் நின்றேன். அந்த மழையைப் பற்றியாவது, வாழை இலைச் சோற்றைப் பற்றியாவது ஒரு சொல் சொல்லுவார் என்று காத்து நின்றேன். சொன்னால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன் என்றிருந்தது. வெட்கம் கெட்ட மனம்.

"ஓமக்கா, அவையள் ஒரு மறுமொழியும் சொல்லேல்லை," என்றார் அம்மா. "அவ்வளவு தூரம் போய், நாலு நாள் வீணாப் போனதுதான் மிச்சம்."