வலக்கை நகங்கள்

கிட்டார் வாசிப்பவனுக்கு இரண்டு கைகளும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. தந்தியை அழுத்தும் இடது கையில் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மீட்டும் வலது கையில், விரல் நுனியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நகம் வேண்டும். மூன்று என்றால் தந்தியில் சிக்கும். ஒன்று என்றால் ஓசை மங்கும். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது பெரிய தொல்லை. நகத்தில் மஞ்சள் ஏறும், இடுக்கில் பருப்பு ஒட்டும். கணித ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கிட்டாரை எடுத்த நாள் முதல், பதினொரு வருடமாக, நான் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

“ஒரு கையில ஆம்பள நகம், மறு கையில பொம்பள நகம். ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன வேண்டுதலாம்னு மஹய்யாவ ஊர் முழுக்கக் கேக்குறாங்க,” என்பாள் மனைவி.

அந்த வருடங்களில் நான் அதிகம் பழகியது ட்ரெமலோ. கட்டைவிரல் தடித்த தந்தியில் ஒரு தட்டுத் தட்ட, மோதிர விரலும் நடுவிரலும் சுட்டுவிரலும் மெல்லிய தந்தி ஒன்றையே வரிசையாக மீட்ட வேண்டும். வேகம் கூடும்போது தனித்தனி அடிகள் மறைந்து, அறுபடாத ஒரே ஓசையாகக் கேட்க வேண்டும். எனக்கு மோதிர விரல் எப்போதும் பிந்தியது. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை அறுபதில் தொடங்கி இரண்டிரண்டாகக் கூட்டுவேன்; நூறைத் தாண்டினால் சிதறிவிடும். சமையலறையில் இருந்தபடியே அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். மூடியைச் சட்டியில் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

போன வருடம் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாயால் போதிய அளவு சாப்பிட்டால் நல்லது, இல்லாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குழாய் வரக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பிடும் வாய்களை எண்ணத் தொடங்கினேன்.

கரண்டியைக் கொண்டுபோனால் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். கையால் ஊட்டியபோது வாயைத் திறந்தாள். பதினாறு வாய் இறங்கியது. பதினேழாவதில் முகத்தைச் சுளித்தாள். உதட்டின் உட்புறம் ஒரு கோடு போல இரத்தம். என் நடுவிரல் நகம் கீறியிருந்தது.

நகத்தை அரத்தால் ராவி இன்னும் வழவழப்பாக்கினேன். மறுநாளும் கீறியது. ரப்பர் கையுறை போட்டேன். அதன் வாடைக்கு ஓங்கரித்தாள். பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இடது கையில் நகமே இல்லையே. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, சோறும் பருப்பும் குழைத்து நீட்டினேன். அவள் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“பீச்சாங்கையாலயா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது. இதுவரைக்கும் கடைசியும் அதுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று பகல் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கெலிஓயாவிலிருந்து வந்திருந்த மகள் நகவெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். “வெட்டிருங்கப்பா. நகம்தானே, வளரும்.” வளர இரண்டு மாதமாகும், இந்த வயதில் அதற்கு மேலும் ஆகும், கோணலாக வளர்ந்தால் அவ்வளவுதான் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே நான்கு விரல்களிலும் வெட்டினேன். சுண்டுவிரல் கிட்டாருக்குத் தேவைப்படுவதில்லை, அதில் நகம் இருந்ததில்லை.

அன்று மாலை இருபத்திரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஏழு மாதம் அப்படிப் போனது. ஞாயிறுதோறும் நகம் வெட்டினேன். வெறும் விரல் சதையால் மீட்டினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும், அதனால் இடது கைப் பயிற்சிகளை மட்டும் செய்தேன். பிறகு அவளுக்குப் புரை ஏறத் தொடங்கியது. பதினைந்து வாய், ஒன்பது, நாலு என்று குறைந்தது. சாப்பாடு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வந்தது. குழாய் போட்டார்கள். ஊசிக்குழலால் பாலை எப்படி மெல்ல இறக்குவது என்று நர்ஸ் எனக்குச் சொல்லித்தந்தார். ஒரு வேளைக்கு இருநூறு மில்லிலீட்டர். அதில் எண்ண ஒன்றுமில்லை, அளவு குழலிலேயே போட்டிருக்கிறது.

சோறு குழைக்கிற நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கிட்டாரை எடுத்துக்கொள்கிறேன். நகம் நேராகத்தான் வளர்ந்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டில் வைத்தாலும் மோதிர விரல் பிந்துவதில்லை. எப்படி வந்தது என்று புரியவில்லை. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

போன ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மகள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

“நல்லா இருக்கேப்பா. போன்லயா போட்டிருக்கீங்க?”

ஆமாம் என்றேன்.