கண்ணைக் காட்டப் போய்க் கையை நீட்டினோம்

என் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்குகிறது என்றபோது ஊரில் யாரும் பதறவில்லை. கண்ணுக்கு ஒன்று என்றால் அது சூடு, சூட்டுக்கு நீராகாரம். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பழைய சோற்றுத் தண்ணீரில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, காலையில் ஒரு சொம்பு, கொடிக்காலிலிருந்து திரும்பியதும் ஒரு சொம்பு. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். அவருடைய அக்கா, எனக்கு நங்கை, பக்கத்தில் நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் நகர்வார். கண் குளிரட்டும் என்று நாங்கள் ஊற்ற ஊற்ற, பார்வை மங்கிக்கொண்டே போனது.

வெற்றிலைக் கொடிக்காலில் கண் தெரியாதவருக்கு வேலை இல்லை. ஏணியில் ஏறி, முற்றிய இலை எது, தளிர் எது என்று பார்த்துக் கிள்ள வேண்டும். ஒருநாள் அவர் கூடை நிறையத் தளிராகவே கிள்ளிக்கொண்டு வந்தார். யாரோ சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. இவர் கண் போனால் எங்கள் பிழைப்பும் போச்சு, இவரும் மனசு ஒடிந்து மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில், மூஞ்சியெல்லாம் கரியாகச் சேலம் போய்ச் சேர்ந்தோம். கண் டாக்டர் முதலில் சொட்டு மருந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் இவர், “ஐயோ, இருந்த பார்வையும் போச்சுங்க!” என்று கத்தினார். மருந்தின் வேலை அது, தானே தெளியும் என்று டாக்டர் சமாதானப்படுத்தி, இருட்டறையில் விளக்கை வைத்து, நடுவில் துளை போட்ட சின்னக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டுக் கையை நீட்டச் சொன்னார். புஜத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, பாதரசம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, கண்ணைக் காட்ட வந்தாக் கையைப் புடிக்கறீங்களே!” என்றேன்.

டாக்டர் சிரித்தார். “கோளாறு ரத்தக் குழாயிலம்மா. வாய்க்கால்ல தண்ணி மட்டுமீறி வந்தா, கரை எங்கே மெலிசோ அங்கேதானே உடையும்? கண்ணுக்குள்ளே இருக்கிற குழாய் ரொம்ப மெலிசு. ரத்தக் கொதிப்பு தாங்காம அங்கே கசிஞ்சிருக்கு. கொதிப்பு தணிஞ்சா கசிஞ்சது வத்தவும் வழியிருக்கு. உப்பு எவ்வளவு சேர்க்கிறீங்க?”

நான் நீராகாரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் உப்பை நிறுத்தினேன். நங்கை தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “கட்டுன புருசனுக்கு உப்பில்லாச் சோறு போடறவளை எங்காச்சும் கண்டிருக்கறீங்களா? எந்தம்பி ரோசங்கெட்டுப் போயிருவான்!” உப்புப் போட்டுத் தின்றால்தான் ரோசம் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இவருக்கும் அது சுருக்கென்று தைத்தது. தட்டைத் தள்ளிவிட்டார்.

“நங்கையா, ரோசத்தை வெச்சுக்கிட்டு ஏணி ஏற முடியுங்களா? கண்ணு வேணுமுங்க!” என்று நானும் கத்தினேன். அதுவரை நங்கையிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. இவர் தள்ளிய தட்டைத் தானே இழுத்துக்கொண்டார்.

இவருக்குத் தனியாகச் சமைக்கவில்லை. நானும் அதையே தின்றேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? எலுமிச்சம்பழத்தையும் மிளகையும் போட்டுப் பார்த்தும் தொண்டையில் இறங்கவில்லை. மாதங்கள் போயின. மறுபடி சேலம் போனபோது, கொதிப்பு தணிந்திருக்கிறது, ரத்தம் வற்றிக்கொண்டு வருகிறது, பார்வை எவ்வளவு திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பாதி வார்த்தையே போதுமாக இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் சோறு போட்டேன். இவர் பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையோ விரல் நுனியில் பொறுக்கி என் மூக்கருகே நீட்டினார். வெள்ளைச் சோற்றில் கிடந்த வெள்ளைப் பொடிக்கல்.

“சோத்துல கல்லு கெடக்குது பாரு! உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?” என்று அதட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “தெரியலீங்க சாமி, இன்னும் நல்லாத் திட்டுங்க” என்றேன்.